வெச்சா போதும்

வரைபடம் நடுக்கடலில் போய் நின்ற பிறகுதான், முந்தின நாள் கொழுந்தன் வந்து செய்துவிட்டுப் போன காரியம் கன்ட்ரோலுக்குப் புரிந்தது.

கன்ட்ரோல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் வயர்லெஸ்ஸில் "கன்ட்ரோல், கன்ட்ரோல்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. கடைத்தெருவில் பார்த்தால்கூட "என்ன கன்ட்ரோலக்கா, இந்தப் பக்கம்?" என்றுதான் கேட்கிறார்கள். கோபம் வந்தால் வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கும் சின்ன முதலாளிகள் சிலர் கூட்டாக நடத்தும் ஆம்புலன்ஸ் சேவை அது. வண்டிகளை அனுப்பும் அறை ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. எப்போதும் ரப்பர் வாசனை. மின்விசிறியை வேகமாக வைத்தால் காகிதமெல்லாம் பறக்கும், மெதுவாக வைத்தால் ஆளே நனைந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தை அந்த மின்விசிறி தன் வாழ்நாளில் கண்டதில்லை.

வேலையைச் சொல்வது எளிது. போன் வரும். பேசுகிறவர் பாதி அழுவார், பாதி கத்துவார். தெரு, வீட்டு அடையாளம், நோயாளிக்கு என்ன என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டும். எழுதும்போதே எந்த வண்டி பக்கத்தில் காலியாக இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்து அனுப்ப வேண்டும். வரைபடம் ஒரு ஜன்னலில், எழுதுவது இன்னொரு ஜன்னலில். கம்ப்யூட்டர் திரையில் திறக்கும் கட்டத்துக்கு ஜன்னல் என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை, காற்றுதான் வருவதில்லை.

கன்ட்ரோல் அந்த இரண்டையும் தனக்கேற்றபடி அடுக்கி வைத்திருந்தாள். வரைபடம் திரை முழுக்க முன்னால் நிற்கும். எழுதும் ஜன்னல் அதற்குப் பின்னால், இடது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் எட்டிப் பார்க்கும். அந்த ஓரத்தில் மவுஸைக் கொண்டுபோய் வைத்தால் போதும், கிளிக் செய்ய வேண்டியதில்லை. தட்டுகிற எழுத்தெல்லாம் பின்னாலிருக்கும் ஜன்னலுக்குப் போய்ச் சேரும். முன்னால் நிற்கும் வரைபடம் அசையாது. கண் வண்டிகள் மேல் இருக்கும், விரல் தன் பாட்டுக்கு எழுதும். இந்த வசதிக்குச் செட்டிங்கில் ஏதோ நீளமான பெயர் உண்டு. அந்த அறையில் அதற்குப் பெயர் 'வெச்சா போதும்'.

அன்று காலை முதல் அழைப்பு ஒரு பெண்ணிடமிருந்து. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாகிவிட்டது என்றாள். கன்ட்ரோல் வழக்கம்போல ஓரத்தில் மவுஸை வைத்து எழுதத் தொடங்கினாள். எழுத்துகள் எழுதும் ஜன்னலுக்குப் போகவில்லை. நேராக வரைபடத்தின் தேடல் கட்டத்துக்குப் போய் விழுந்தன. 'உதடு நீலம்' என்ற ஊரைத் தேடிக்கொண்டு வரைபடம் எங்கோ கிளம்பிப் போனது. திரை முழுக்க நீலமாகத் தண்ணீர் தெரிந்தது. பதறிப்போய் ஓரத்தில் கிளிக் செய்தாள். எழுதும் ஜன்னல் குபீரென்று மேலே வந்து வரைபடத்தை மூடிக்கொண்டது.

"எந்தச் சந்துன்னு இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

"இப்பதானே சொன்னேன்" என்று அந்தப் பெண் அழுதாள். "ஏற்கெனவே சொன்னேனே."

உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, நினைவில் இருந்ததை வைத்து ஏழாம் நம்பர் வண்டியை அனுப்பினாள். பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் மதியம் ஏழாம் நம்பர் ஓட்டுநர் மாடியேறி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்: "கன்ட்ரோலக்கா, நாலாம் நம்பர்காரன் பக்கத்துத் தெருவுலயே காலியா நின்னுட்டிருந்தான். என்னை எதுக்கு அவ்வளவு தூரத்துலருந்து கூப்பிட்டீங்க?"

அவர் திட்டியிருந்தால் தேவலை. கேள்வியாகக் கேட்டதுதான் அவளை அறுத்தது. தன் கண்ணைக் கட்டிவிட்டு யாரோ வேடிக்கை பார்க்கிறார்கள் என்று தோன்றியது. அந்த யாரோ தன் வீட்டிலேயே தின்று உறங்குகிறவன் என்பது நினைவுக்கு வந்ததும் ஆத்திரம் இரண்டு மடங்கானது.

கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகலில் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை. மாலையில் ஊருக்கு உழைப்பு. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளும் ஒரு டெஸ்க்டாப் மென்பொருளை எழுதுகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். அதில் ஜன்னல்கள் திறப்பது, மூடுவது, முன்னே வருவது, பின்னே போவது எல்லாம் அவன் பொறுப்பு. டயர் கடை மாடியிலிருக்கும் மூன்று கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். நல்ல பிள்ளை. அதில் சந்தேகமே இல்லை. நல்ல பிள்ளைகள் செய்கிற அநியாயத்தைத்தான் தட்டிக் கேட்க முடிவதில்லை.

கன்ட்ரோல் தட்டிக் கேட்டாள். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுத்திருந்து, கை கழுவியதும் கேட்டாள்.

"தம்பி, நேத்து மெஷினுல என்ன பண்ணினீங்க? வெச்சா போதும் வேலை செய்யல."

"அதா அண்ணி, எடுத்துட்டோம்."

"எடுத்துட்டீங்களா? யாரு?"

"நாங்கதான். டீம்." துண்டில் கை துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தான். "புரோகிராம்லருந்து எடுத்தது நான்தான்."

காலையில் நடந்ததைச் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது. ஆனால் வாய் சுருங்கவில்லை. ஒவ்வொரு செட்டிங்கும் ஒரு தலைவலி என்றான். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடைகிறது, புது மாதிரித் திரைகளில் அந்தப் பழைய வசதி சரியாக ஓடுவதில்லை, அதை ஒட்டுப்போட்டே தன் பாதி ஆயுள் போய்விட்டது என்றான். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை யாருமே பயன்படுத்தவில்லை என்றான்.

"யாருமேன்னா?"

"கணக்கு இருக்கு அண்ணி. எந்த செட்டிங்கை எத்தனை பேர் வெச்சிருக்காங்கன்னு மெஷினே எங்களுக்கு ரிப்போர்ட் அனுப்பும். இதை வெச்சிருக்கவங்க இல்லவே இல்லைன்னு சொல்லலாம். பழகிடும் அண்ணி, ரெண்டு வாரம் கஷ்டமா இருக்கும்."

"அந்த ரெண்டு வாரம் மூச்சை அடக்கிட்டு இருக்கச் சொல்லி ஊர்ல எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க."

மூலையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சிரித்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "டேய், ஆறாவது மாடிக்கு யாரும் அதிகமாப் போறதில்லைன்னு நான் அந்தப் பட்டனைப் பிடுங்கினா, அங்க குடியிருக்கவன் என்னைச் சும்மா விடுவானா?"

"இது இலவசமாக் கொடுக்கறதுண்ணா" என்றான் கொழுந்தன். குரல் சற்று உயர்ந்தது. "சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?"

"பல்லை யாரு பார்த்தா?" என்றாள் கன்ட்ரோல். "மாட்டைக் கொடுத்துட்டு, நாங்க உழவு ஓட்டிட்டிருக்கும்போதே வந்து காலைக் கட்டிட்டுப் போறீங்க. அதைக் கேக்கக் கூடாதா?"

பழைய பதிப்பையே திரும்பப் போட்டுவிடச் சொன்னாள். அதுவும் முடியாது என்றான். பழையதற்கு இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அந்த மெஷினில் நோயாளிகளின் விலாசமும் வியாதியும் இருக்கின்றன, திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். அவன் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்கே தெரிந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் குழியில் நின்றுகொண்டு அவள் கேட்டாள்: "இதை யார்கிட்ட கேக்கணும்?"

"மாசாமாசம் கூட்டம் நடக்கும். வீடியோவுல. யார் வேணாலும் வரலாம்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஆனா நீங்க வராதீங்க அண்ணி. எனக்குச் சங்கடமா இருக்கும்."

"யார் வேணாலும்னா அதுல நானும்தான் வரேன்."

கூட்டத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அதுவரை அவளும், அவளோடு வேலை பார்க்கும் சைரனும் ஆளுக்கு ஒரு நோட்டில் எழுதிச் சமாளித்தார்கள். சைரன் என்றால் அந்த அம்மாளின் குரல். அவள் வயர்லெஸ்ஸில் பேசினால் வயர்லெஸ்ஸே தேவையில்லை என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் அந்தக் குரலில் ஒரு தடவை சொல்லி வைப்பாள். கீழே டயர் மாட்டுகிறவர்களுக்கும் அது பாடமாகிவிட்டது.

ஓய்வு கிடைத்தபோது கன்ட்ரோல் அந்த டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துகிறவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் ஃபோரத்தைத் தேடிப் போனாள். தன்னைப் போல யாராவது இருப்பார்களா என்று பார்க்கத்தான் போனாள். இருந்தார்கள். ஒரு கையில் கைக்குழந்தையும் மறு கையில் மவுஸுமாக மொழிபெயர்க்கிறவள். மணிக்கட்டு வலியால் ஒரு கிளிக்கையாவது மிச்சம் பிடிக்கப் பார்க்கும் கணக்கர். அப்புறம் 'இடிமுழக்கம்' என்ற பெயரில் ஒரு ஆள். காது கேளாதவர்களுக்காக, வகுப்பில் ஆசிரியர் பேசப் பேச அதை அப்படியே எழுத்தாக்கித் திரையில் ஓடவிடுகிறவர். முன்னால் ஆசிரியரின் முகம், பின்னால் எழுதும் ஜன்னல். அவளுடைய அதே அடுக்கு. உடன்பிறந்தவனைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

ஆனால் அந்த உடன்பிறந்தவன் எழுதியிருந்ததைத் தொடர்ந்து படித்தாள். இதை எடுத்தவன் கை அழுகட்டும் என்று எழுதியிருந்தான். கொழுந்தனின் பெயரைச் சொல்லியே எழுதியிருந்தான். கீழே பத்துப் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். இதற்கு முன்னும் இப்படி எழுதியிருக்கிறார்கள், பல வருடங்களாக. நேராகக் கொழுந்தனுக்கே அஞ்சலும் அனுப்பியிருக்கிறார்கள். காலையில் காப்பி குடிக்கும்போது போனைப் பார்த்துவிட்டு அவன் சில நாள் பேசாமல் எழுந்து போவானே, அது ஏனென்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

கன்ட்ரோல் எதையும் யோசிக்கவில்லை. தட்டினாள்: 'நானும் அதே கஷ்டத்தில் இருக்கிறவள். இதை எடுத்தவர் என் கொழுந்தன். வீட்டில் அவரோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அவரைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அந்தக் கை அழுகினால் நம் எல்லோருக்கும் திரையே இருக்காது. கேட்க வேண்டியதைக் கேளுங்கள், சாபம் விடுகிற வேலை வேண்டாம்.'

மறுநாள்தான் இடிமுழக்கம் பதில் போட்டார். 'தப்புதான். ஆனால் என் பிள்ளைகள் வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வேறு வழி தெரியவில்லை' என்று எழுதினார்.

கூட்டத்துக்குக் கன்ட்ரோல் அறையிலிருந்தே போனாள். சைரன் போன்களைப் பார்த்துக்கொண்டாள். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ஒரு கட்டத்தில் கொழுந்தன், வீட்டில் தன் அறையில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்தை நடத்தியவர் அந்த டெஸ்க்டாப்பின் வடிவமைப்பாளர். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண்மணி. பேச்சில் சூடே கிடையாது. சூடு இருந்தால் எதிர்த்துப் பேசலாம், இது வெதுவெதுப்பாக இருந்தது.

கன்ட்ரோல் தன் வேலையைச் சொன்னாள், உதடு நீலத்தைச் சொன்னாள். வடிவமைப்பாளர் முழுவதையும் கேட்டார்.

"உங்க வேலையோட அருமை புரியுதுங்க. ரெண்டு திரை வெச்சுக்கலாமே?"

"ரெண்டு திரைன்னா தலையைத் திருப்பணும்மா. நான் திரும்புற நேரத்துல வண்டி ஒரு முனையைத் தாண்டிடும்."

"சரிதான். ஆனா ஒருத்தருக்காக ஒண்ணை வெச்சிருக்க முடியாது. ஒவ்வொரு செட்டிங்கும் நாங்க கொடுக்கற வாக்கு. அது உடைஞ்சா சரி பண்ண ஒரு ஆள் காலம் பூரா நிக்கணும். யாருமே பயன்படுத்தாத ஒண்ணுக்கு நான் எந்த ஆளை நிக்க வைப்பேன்? வந்த ரிப்போர்ட்டைப் பாருங்க." திரையில் ஒரு படம் வந்தது. மற்ற செட்டிங்குகளெல்லாம் தூண் தூணாக நிற்க, வெச்சா போதும் தரையோடு தரையாகக் கிடந்தது.

தான் ஒற்றை ஆளோ என்று ஒரு கணம் கன்ட்ரோலே நம்பிவிட்டாள். அப்போதுதான் கொழுந்தனின் கட்டத்தைப் பார்த்தாள். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இருந்தது அவன் முகம்.

அவன் மைக்கைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"அந்த ரிப்போர்ட்ல எங்க அண்ணி மெஷின் இருக்காது" என்றான்.

"ஏன்?"

"நான்தான் ஆஃப் பண்ணி வெச்சேன். ரிப்போர்ட் அனுப்பறதை. நோயாளிங்க விவரம் இருக்கற இடம், எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு." தொண்டையைச் செருமிக்கொண்டான். "நான் யாருக்குப் போட்டுக் கொடுத்தாலும் முதல் வேலையா அதைத்தான் ஆஃப் பண்ணுவேன். என் மெஷின்லயும் ஆஃப்தான். இங்க யாராவது ஆன்ல வெச்சிருக்கீங்களா?"

கட்டங்களில் ஒரு முகமும் அசையவில்லை. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஊரையெல்லாம் நிறுப்பதற்குத் தராசு செய்தவர்கள், தாங்கள் மட்டும் அதில் ஏறாமல் இருந்திருக்கிறார்கள். தங்கள் அம்மா, அண்ணி, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் ஏற்றவில்லை. எந்த செட்டிங்கையும் தேடித் தொடுகிற ஆட்கள் முதலில் தேடி அணைத்தது அந்த ரிப்போர்ட்டைத்தான். எதையும் மாற்றாதவர்களை எண்ணிவிட்டு, யாரும் எதையும் மாற்றுவதில்லை என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். கன்ட்ரோலுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

வடிவமைப்பாளர் சீக்கிரமே சுதாரித்தார். "நியாயமான விஷயம்தான். ஆனா எண்ணிக்கையில வர மாட்டேன்னு சொன்னவங்க, எங்களை எண்ணலையேன்னு கேக்க முடியாது இல்லையா?"

"ஏன் முடியாது?" என்றாள் கன்ட்ரோல். அவளுக்குள் என்னமோ அறுந்தது. "என் வீட்டு அலமாரியில என்ன இருக்குன்னு ஊருக்குச் சொன்னாத்தான் நான் ஊர்ல ஒருத்தியா? அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணினப்ப, போன மாசம் எத்தனை தடவை ஆம்புலன்ஸ் கூப்பிட்டீங்கன்னு நான் அவளைக் கேக்கல. ஒரு தடவை கூப்பிட்டா. வண்டியை அனுப்பினேன். நீங்க கெடுத்து வெச்சதால லேட்டா அனுப்பினேன்."

யாரோ ஒருவர் கட்டைவிரலை உயர்த்தும் படம் போட்டுவிட்டு உடனே எடுத்துவிட்டார். முடிவு முடிவுதான், இந்தப் பதிப்பில் மாற்ற முடியாது என்றார் வடிவமைப்பாளர். கடைசியாக, அந்தக் கூட்டத்தார் வாசல்வரை வந்து வழியனுப்பும்போது சொல்கிற வார்த்தையையும் சொன்னார்: "சோர்ஸ் கோடு, அதான் புரோகிராமோட மூலம், திறந்துதான் இருக்கு. பிடிக்கலைன்னா யார் வேணாலும் எடுத்து மாத்திக்கலாம், யாருக்கு வேணாலும் கொடுக்கலாம்."

இரண்டு நாள் கழித்துக் கொழுந்தன் மதிய நேரத்தில் டயர் கடை மாடிக்கு வந்தான். ஆபீசுக்கு லீவு போட்டிருந்தான். மூன்று மெஷினிலும் எதையோ ஏற்றினான். பிறகு கன்ட்ரோலை உட்காரச் சொன்னான். அவள் ஓரத்தில் மவுஸை வைத்துத் தட்டினாள். எழுத்து பின்னால் போனது. வரைபடம் அசையவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சின்ன விஷயத்துக்கு அழுவதா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"எடுத்ததைத் திரும்பச் சேத்து, உங்களுக்கு மட்டும் தனியாப் பண்ணியிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணி. எங்க டீம் முடிவுக்கு எதிரா நானே பண்ணினேன்னு தெரிஞ்சா வம்பு."

"இந்த ஃபோல்டர் என்னது?"

"சோர்ஸ் கோடு. ஒருத்தருக்குக் கொடுத்தா அதையும் சேத்துக் கொடுக்கணும். அதான் சட்டம்."

"அப்ப நான் வேற யாருக்காவது கொடுக்கலாமா?"

"கொடுக்கலாம்" என்றான். பழக்கத்தில் வந்துவிட்டது. உடனே, "கொடுக்காதீங்க" என்றான்.

அந்த வாரம் முழுக்க வேலை வழுக்கிக்கொண்டு போனது. நாலும் ஏழும் அவரவர் தெருவிலேயே ஓடினார்கள். சைரன் ஆண்டியையும் சங்கையும் மறந்துவிட்டாள். கன்ட்ரோலுக்கு மட்டும் உட்கார முடியவில்லை. ஃபோரத்தில் இடிமுழக்கம் தினமும் எழுதிக்கொண்டிருந்தார். இப்போது திட்டாமல் எழுதினார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இன்று ஒரு பாடம் முழுக்க விட்டுப்போயிற்று, பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியிருந்தார். கன்ட்ரோலுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. வெண்ணெய் தன் கண்ணில் என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருப்பதா? சண்டை போட்டுப் பெற்றது உரிமையாக இருக்க வேண்டும். கொழுந்தன் வழியாக வந்தது உறவுக்காரச் சலுகை. நாளைக்கு அவனோடு பேச்சுவார்த்தை நின்றால் வெச்சா போதுமும் நின்றுவிடும்.

வீட்டுக்குப் போனதும் அவனிடம் நேராகவே சொன்னாள். "தம்பி, அந்த ஃபோல்டரை நான் வெளிய கொடுக்கப் போறேன். உங்க பேரைச் சொல்ல மாட்டேன். ஆனா கொடுக்கப் போறேன். தெரியாமப் பண்ணக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"அண்ணி, நான் கேட்டுக்கிட்டது..."

"கேட்டீங்க. நான் சரின்னு சொல்லல. நினைச்சுப் பாருங்க."

அவன் நினைத்துப் பார்த்தான். அவள் உண்மையிலேயே சொல்லியிருக்கவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் காலை கன்ட்ரோல் அந்த ஃபோல்டரை ஃபோரத்தில் ஏற்றினாள். மேலே ஒரே வரி எழுதினாள்: 'வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், சாபம் விடாதீர்கள்.'

அடுத்த கூட்டத்துக்கு அவளும் கொழுந்தனும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இந்த இடைப்பட்ட நாட்களில் அவன் அவளோடு அதிகம் பேசவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. இந்தத் தடவை திரையில் கட்டங்கள் பெருகியிருந்தன. தெரியாத முகங்கள். ஒரு கட்டத்தில் ஒரு பெண் தோளில் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் தடித்த கண்ணாடி போட்ட, பயந்த சுபாவமுள்ள மனிதர். கீழே பெயர் இடிமுழக்கம் என்றிருந்தது.

வடிவமைப்பாளர் முகவுரையெல்லாம் வைக்கவில்லை. "நாம எடுத்த ஒண்ணை யாரோ திரும்பச் சேத்து வெளிய விட்டிருக்காங்க. யாரு?"

"நான்தாம்மா" என்றாள் கன்ட்ரோல்.

"உங்களுக்கு யாரு அனுமதி..." என்று தொடங்கிய வடிவமைப்பாளர் பாதியில் நின்றார். உலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாத ஒரு கூட்டம் உண்டென்றால் அது அவருடைய கூட்டம்தான். அவருக்கே அது தெரிந்தது. தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

"சரி. உங்க உரிமை. நான் மறுக்கல" என்றார். இப்போது அவர் குரலில் களைப்பு இருந்தது. அதைக் கேட்டதும் கன்ட்ரோலுக்கு அவரை முதல் தடவையாகப் பிடித்தது. "ஆனா நான் அன்னைக்குச் சொன்னது அப்படியேதான் இருக்கு. அடுத்த பதிப்பு வரும்போது இது உடையும். கண்டிப்பா உடையும். இத்தனை பேர் இதை நம்பி வேலை பார்ப்பாங்க. அன்னைக்கு யார்கிட்ட போவாங்க? எங்ககிட்ட வரக் கூடாது. உங்களுக்குக் கோடு எழுதத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள் கன்ட்ரோல். முதல் தடவையாகப் பயம் வந்தது. கொடுத்துவிட்டோம், இவர்களையெல்லாம் எங்கே கொண்டுபோய் நிறுத்துவோம் என்று நினைத்தாள்.

"என்கிட்ட வரட்டும்" என்றான் கொழுந்தன்.

எல்லாக் கட்டங்களும் அவனைப் பார்த்தன.

"எழுதினது நான்தான். எடுத்ததும் நான், திரும்பச் சேத்ததும் நான். உடைஞ்சா நான் பார்த்துக்கறேன்."

"நம்ம ஜன்னல் பகுதிக்குப் பொறுப்பாவும் இருந்துக்கிட்டு, அதுக்கு எதிரா இதையும் நடத்த முடியாது" என்றார் வடிவமைப்பாளர். "எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

அந்தப் பொறுப்பு அவனுக்கு எத்தனை வருட உழைப்பு என்று கன்ட்ரோலுக்குத் தெரியும். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அது ஒன்றைத்தான், அவர்களுக்குப் புரியாவிட்டாலும். மேசைக்கடியில் அவன் முழங்கையைத் தொட்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"அப்ப அந்தப் பொறுப்பை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க" என்றான். மைக்கை மூடினான்.

கூட்டம் முடிந்து திரை இருண்ட பிறகும் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வீட்டுக்காரர் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"என்னால உங்க பதவி போச்சு" என்றாள்.

"உங்களால இல்ல அண்ணி. தரையோட கிடந்துச்சே அந்தப் படம், அதைப் போட்டதும் நான்தான். அதைப் பார்த்து யாருமே இல்லைன்னு நான் நிஜமாவே நம்பினேன்." லேப்டாப்பை மூடிவிட்டு, "அன்னைக்கு ஃபோரத்துல நீங்க எழுதினதைப் படிச்சேன். கை அழுகக் கூடாதுன்னு" என்றான்.

அவன் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவன் முகம் கோணியது. அவளிடம் நீட்டினான். இடிமுழக்கம். கூட்டம் முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வணக்கம் இல்லை, நன்றி இல்லை. 'நீங்கள் கொடுத்ததைப் போட்டேன். என் மெஷினில் ஜன்னல் இரண்டு தடவை மினுக்குகிறது. எப்போது சரி செய்வீர்கள்? நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்கிறது.'

"ஆரம்பிச்சாச்சு" என்றான் கொழுந்தன். "இனிமே காலம் பூரா இதான்."

கன்ட்ரோல் போனை அவன் கையில் திருப்பிக் கொடுக்கவில்லை. தானே பதில் தட்டினாள். 'உங்க மெஷின் என்ன மாடல்னு சொல்லுங்க. சரி பண்ண உட்கார்ந்துட்டோம்.' அனுப்பிவிட்டு, அவன் லேப்டாப்பைத் திறந்து அவன் முன்னால் தள்ளினாள்.